அடிவயிற்றில் ஒரு படி

இரண்டு பேர் உட்கார்ந்து சுற்றிப் பார்க்க ஒரு சின்ன விமானம். ஓடுதளத்திலும் இறங்க வேண்டும், ஏரியிலும் இறங்க வேண்டும். அதை வடிவமைத்த குழுவில் அடிப்பாகம் என் பொறுப்பு. அதுவரை காற்றுக்காக வளைவுகளை இழைத்தே பழகியவன் நான். காற்றுக்கு முறிவே இல்லாத உடம்பு வேண்டும். தண்ணீருக்கோ அடிவயிற்றில் வெட்டினாற்போல ஒரு படி வேண்டும்.

குழாயில் விழும் தண்ணீரில் கரண்டியின் முதுகை லேசாகக் காட்டிப் பாருங்கள். தண்ணீர் அதைத் தள்ளாது, தன் பக்கம் இழுக்கும். வளைந்த அடிப்பாகத்தையும் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. படியின் விளிம்பில்தான் அந்தப் பிடி அறும். பின்னால் காற்று நுழைந்ததும் விமானம் நீர்ப்பரப்பின் மேல் வழுக்கத் தொடங்கும். 1912-இல் அமெரிக்க விமான முன்னோடி கிளென் கர்ட்டிஸின் பறக்கும் படகு தண்ணீரை விட்டு எழ மறுத்தபோதும் இந்தப் படிதான் கைகொடுத்தது.

படியை எங்கே வைப்பது என்பதில்தான் எங்கள் மாதங்கள் கரைந்தன. எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் 'சற்று' எவ்வளவு? கால் அளவில் ஒரு மாதிரி செய்து படகில் கட்டி இழுத்தோம். நீளம் நாலில் ஒன்று என்றால் எடை 64-இல் ஒன்று, வேகம் பாதி. 640 கிலோ விமானத்துக்கு 10 கிலோ மாதிரி. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அது மூக்கை மேலும் கீழும் ஆட்டும், ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். நிஜ விமானத்தில் இது ஆளைக் கொல்லக்கூடியது. படியைப் பின்னால் நகர்த்தினோம், ஆட்டம் நின்றது. ஆனால் இப்போது மூக்கு எழவில்லை. அப்புறம் இரண்டுக்கும் நடுவே இழைத்து இழைத்துத் தேடினோம்.

எஞ்சினை மேலே தூக்கி வைத்தது சாரல் ப்ரொபெல்லரில் படாமலிருக்க. அதனால் விசையைக் கூட்டினால் மூக்கு தாழும். விமானிக்கு அது புதுப் பழக்கம்.

முழு அளவு விமானம் வந்த பிறகு வேறொரு கவலை. ஒவ்வொரு நீர்ச் சோதனைக்கும் பிறகு எடைமேடை சில கிலோ கூடுதலாகக் காட்டியது. அடிப்பாகத்து அறைகளின் வடிகால் திருகுகளைக் கழற்றினால் சொட்டுகூட வரவில்லை. கடைசியில் சக்கரக் குழிக்குப் பின்னால் நிரப்பியிருந்த பஞ்சுபோன்ற நுரையைக் கத்தியால் கீறினேன். விரலால் அழுத்தியதும் தண்ணீர் கசிந்தது. நான் வரைந்த இணைப்பு அது. அன்று மாலையே குழுவிடம் சொல்லிவிட்டு, அந்தப் பகுதியை நுரையே இல்லாமல் திரும்ப வரைந்தேன்.

தண்ணீரிலிருந்து முதன்முறை எழுந்த நாளின் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, அடியில் பொருத்திய கேமராவில் எடுத்தது. நீர் படிவரை ஒட்டிக்கொண்டு வருகிறது, விளிம்பில் வெள்ளையாகப் பிரிகிறது. அதன் பின்னால் ஒரு கையகல இடைவெளி, காற்று மட்டும்.