தீபாவளிக்கு முந்தின ராத்திரி

"அதத்தான் சார் நானும் சொல்றேன்" என்றார் அவர். அதற்கு மேல் பேசாமல் உலைப் பக்கம் போய்விட்டார். எங்கள் தொழிற்சாலையில் 2026-க்கான ஷிப்ட் அட்டவணையைப் போட்டு நான் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று நடந்தது இது.

எங்கள் சுற்று எளிது. நாலு குரூப், எட்டு நாள்: இரண்டு காலை, இரண்டு மதியம், இரண்டு நைட், இரண்டு ஆஃப். உலை நிற்காது, அதனால் சுற்றும் நிற்காது. எக்செலுக்குத் தேதி என்பது வெறும் எண்தான். 2025 அக்டோபர் 20 என்றால் அதற்கு 45950. அதை எட்டால் வகுத்து மீதியைப் பார்த்தால் யாருக்கு என்ன ஷிப்ட் என்று வந்துவிடும். ஒரு வரி ஃபார்முலா, டிசம்பர் 31 வரை இழுத்துவிட்டால் முடிந்தது.

அவர் பி குரூப் தொழிலாளி. "போன தீபாவளிக்கும் நாங்கதான் நைட். வர்ற தீபாவளிக்கும் நாங்கதானா சார்?" என்று கேட்டார். தீபாவளியான நவம்பர் 8-ல் பி குரூப்புக்கு ஆஃப் என்று இருப்பதைக் காட்டினேன். "ஆஃப்தான். ஏழாம் தேதி நைட் பத்து மணிக்கு உள்ள போனா எட்டாம் தேதி காலைல ஆறு மணிக்குத்தானே வெளிய வரேன்? அதுக்குள்ள புள்ளைங்க எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, வெடியும் வெச்சு முடிச்சிருக்கும்."

நைட் ஷிப்டை அது தொடங்குகிற தேதியில்தான் எழுதுவோம். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது: நள்ளிரவுக்குப் பிறகு செய்யும் வேலை முந்தின நாள் கணக்கு, ஷிப்ட் முடிந்த பிறகுதான் விடுமுறை தொடங்கும். ஷீட்டும் சரி, சட்டமும் சரி. நம் ஊர்த் தீபாவளிதான் விடிவதற்குள் பாதி முடிந்துவிடுகிறது.

நான் சொன்ன பதில் இதுதான்: "அண்ணே, நான் ஆள் பார்த்துப் போடறதில்ல. ஃபார்முலாதான் போடுது." அதற்குத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

ஒப்புக்கொண்டாரா, குத்திக்காட்டினாரா? முன்பு கையால் எழுதிய காலத்தில், சூப்பர்வைசருக்கு வேண்டியவர்களுக்கு நல்ல நாளாகப் பார்த்து ஆஃப் விழும். அந்தப் புகாரைச் சத்தமாகச் சொன்னவர்களில் இவரும் ஒருவர். ஃபார்முலா வந்ததே அதனால்தான்.

அன்று சாயந்திரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2023, 2024, 2025 தீபாவளிகளுக்கு மீதி 2, 4, 6. ஒரு தீபாவளிக்கும் அடுத்ததற்கும் இடையில் 354 நாள் இருந்ததால், வருஷத்துக்கு இரண்டு இடம் நகர்ந்து, அந்த ராத்திரி ஒவ்வொரு குரூப்பாக மாறி வந்திருக்கிறது. யாரும் திட்டமிடாமலே நியாயம் நடந்திருக்கிறது! 2026-ல் அதிக மாசம், அதாவது பஞ்சாங்கத்தில் கூடுதலாக ஒரு மாசம், வருகிறது. இடைவெளி 384 நாள், சரியாக 48 சுற்று. மீதி மறுபடியும் 6. பஞ்சாங்கம் செய்த வேலைக்கு நான் என்ன செய்ய?

மாற்றிப் பார்க்கலாம்தான். ஆஃபில் இருக்கும் குரூப்பைக் கூப்பிட்டால், விடிந்ததும் அப்படியே காலை ஷிப்டிலும் அவர்கள்தான் நிற்க வேண்டும். மதியம் குரூப்போடு மாற்றினால், பி குரூப் காலை ஆறுக்கு வீட்டுக்குப் போய் மதியம் இரண்டு மணிக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். எட்டு மணி நேரத்தில் பஸ், சாப்பாடு, தூக்கம். உலை முன்னால் நிற்பவர்களை அப்படிக் கூப்பிடக் கூடாது என்பது என் கட்சி. எப்படி மாற்றினாலும் யாராவது ஒரு குரூப்புக்குத் தீபாவளி விடியல் போகத்தான் போகிறது.

ஆனால் ஷீட்டில் ஒவ்வொரு தேதிக்கும் 'மாற்றம்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அதில் எதையாவது எழுதினால் ஃபார்முலா ஒதுங்கிக்கொள்ளும். ஆடிட் வந்தபோது, அனுபவம் உள்ளவர்கள் பகலில் இருக்கட்டும் என்றார்கள், எழுதினேன். அப்போதும் சிலருக்கு எட்டு மணி நேரம்தான் இடைவெளி. யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும்தான். ஆடிட் வேறு, இது வேறு என்று சொல்லிக்கொள்கிறேன். வேறுதான். எந்த விதத்தில் வேறு என்று அவர் கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இருக்கிறதா என்பதுதான் சந்தேகம்.

நவம்பர் 7-க்கு நேராக அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. மேனேஜரிடம் கேட்டால், "நீங்களே பார்த்துப் போடுங்க" என்பார். அப்படிச் சொல்லிவிடுவார் என்றுதான் கேட்காமல் இருக்கிறேனோ என்னவோ.