தாண்டிரலாம் போலத்தான் இருக்கும்

போன மாதம் அண்ணன் குடும்பத்தோடு பாபநாசம் போய்வந்தேன். குற்றாலம் என்றுதான் முதலில் பேச்சு. சீசன் இல்லாத நேரத்தில் அங்கே போய் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வருவதில் எனக்கு இஷ்டமில்லை. அகஸ்தியர் அருவி என்றால் வருஷம் முழுக்கத் தண்ணீர் உண்டு, கூட்டமும் அவ்வளவு இருக்காது.

பாளையங்கோட்டையில் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டோம். பாபநாசம் கோயிலைத் தாண்டியதும் வனத்துறை சோதனைச்சாவடி. 1988இல் அறிவித்த களக்காடு முண்டந்துறை, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், அதனால் பிளாஸ்டிக் பையையெல்லாம் குடைந்து பார்த்துத்தான் விடுவார்கள். அண்ணி புளிச்சோற்றை வாழையிலையில் கட்டியிருந்ததால் நாங்கள் தப்பித்தோம். முன்னால் நின்ற காரில் அரைமணி நேரப் பஞ்சாயத்து.

அருவியில் குளித்தது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருந்தது, தலை விறைத்தது, அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அதற்கு மேலே உள்ள இடம். அருவிக்குப் பக்கத்தில் படியேறிப் போனால் கல்யாண தீர்த்தம். இரண்டு பக்கமும் பாறை நெருங்கி, நடுவில் தாமிரபரணி ஒடுங்கி, சத்தமே இல்லாமல் கருப்பாகக் கிடக்கிறது. கீழே அத்தனை ஆர்ப்பாட்டம் செய்வது இதே தண்ணீர்தான் என்றால் நம்ப முடியாது. சில இடத்தில் அக்கரைப் பாறை எட்டிவிடும் தூரம் போலத் தெரியும்.

அண்ணன் மகள் ஆறாவது படிக்கிறாள். "சித்தப்பா, இதைத் தாண்டிரலாம்லா?" என்றாள். எனக்குக் கொஞ்சம் பகீர் என்றது. ஏனென்றால் சுதந்திரப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயரின் மகளுக்கும் இதே இடத்தில் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். 1925 ஜூனில், தான் நடத்திய சேரன்மகாதேவி குருகுலத்துப் பிள்ளைகளோடு ஐயர் இங்கே வந்திருந்தபோது, ஓடையைத் தாண்டப் போன மகள் சுபத்ரா தவறி விழ, காப்பாற்றக் குதித்தவரும் போய்விட்டார். லண்டனில் வெள்ளைக்காரப் போலீஸுக்குத் தண்ணி காட்டித் தப்பி வந்த மனுஷன், சாகும்போது 44 வயது. குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்த சண்டையைப் பற்றி நம்மூரில் இன்றைக்கும் பேசுவார்கள், அதில் நானும் அவர் பக்கம் இல்லை. ஆனால் அந்தப் பாறையில் நின்றுகொண்டு அதை நினைக்க முடியவில்லை.

கதையைச் சொன்னதும் அவள் இரண்டடி பின்னால் வந்துவிட்டாள். பாறையெல்லாம் பாசி, வழவழவென்று இருக்கிறது. போதாததற்கு மேலே அணைகள் வேறு, திறந்துவிட்டால் தண்ணீர் கூடிவிடும். செல்ஃபி எடுக்கிறேன் என்று ஓரத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தால் இழுத்து அறையலாம் போல வருகிறது.

அப்புறம் காரையாறு, பாபநாசம் அணை இருக்கிற இடம். தினமும் பேப்பரில் பாபநாசம் அணை 143 அடியில் எத்தனை என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்க்கிற ஆள் நான், அதனால் நேரில் பார்த்தபோது ஒரு சந்தோஷம். சின்ன வயதில் அணையில் படகேறிப் பாணதீர்த்தம் அருவிக்குப் போயிருக்கிறேன். இந்தத் தடவை தூரத்து மலையை விரல் நீட்டிக் காட்டியதோடு சரி. சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிட்டோம், மிக்சர் மட்டும் குரங்குக்குப் போனது.

வரும்போது மணிமுத்தாறு. மாஞ்சோலை வரை ஏற வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை, ஆனால் வெயில் இறங்கிவிட்டது, அனுமதியும் வாங்கவில்லை. பேப்பரில் மழைக் கணக்கு போடும்போது ஊத்து, நாலுமுக்கு என்று முதலில் வருமே, அந்த ஊர்களெல்லாம் அதற்கும் மேலேதான். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

சேரன்மகாதேவி வந்ததும், அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து குருகுலம் எங்கே இருந்தது என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. அண்ணன் டீக்கடையில் நிறுத்தி விசாரித்தான், கடைக்காரருக்கும் தெரியவில்லை. டீ நன்றாக இருந்தது.