ஒரு துப்பாக்கி, ஒரு துணி, கொஞ்சம் ஈயம்

2024 ஜூலை 20, சனி. கேப் கோஸ்ட், கானா

விடியும் முன்பே டெமாவிலிருந்து கிளம்பிவிட்டோம். கார் ஓட்டியது அலுவலக நண்பர். ஃபாண்டே இனத்தவர், இந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். அடிமைகளை அடைத்து வைத்துக் கப்பலேற்றிய கோட்டை இங்கே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை அங்கே கூட்டிப்போனார்களாம், அதோடு சரி. இன்றும் வாசல்வரை வந்தவர், “நீங்கள் போய்விட்டு வாருங்கள்” என்று சொல்லிவிட்டு மீன்காரர்களோடு நின்றுகொண்டார். நான் வற்புறுத்தவில்லை.

கோட்டை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு, வெயிலில் கண் கூசுகிறது. கடலைப் பார்த்து வரிசையாகப் பீரங்கிகள். 1653-ல் சுவீடன்காரர்கள் தொடங்கிய கோட்டை இது. பிறகு ஆங்கிலேயர் கைக்கு வந்து பெரிதாக வளர்ந்தது. ஆண்களை அடைத்த நிலவறைக்குச் சரிவாக ஒரு பாதை இறங்குகிறது. உள்ளே போனதும் வழிகாட்டி விளக்கை அணைத்தார். எட்டாத உயரத்தில் சின்னதாக ஒரு திறப்பு. அதில் விழும் வெளிச்சம் பக்கத்தில் நிற்பவர் முகத்தைக் காட்டக்கூடப் போதவில்லை. தரையில் ஒரு சாக்கடை வாய்க்கால் ஓடுகிறது. ஓரிடத்தில் மட்டும் தரையைச் சுரண்டி அடியிலுள்ள செங்கல்லைக் காட்டியிருக்கிறார்கள். “மற்ற இடங்களில் நீங்கள் மிதித்துக்கொண்டிருப்பது செங்கல் இல்லை. மலமும் ரத்தமும் வாந்தியும் வருஷக்கணக்காக இறுகி மண்ணாகிப்போன அடுக்கு” என்றார். காலை எடுத்து வேறெங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றேன். கப்பல் வரும்வரை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், நூற்றுக்கணக்கானவர்கள் இதற்குள்தான் கிடந்தார்கள். இந்த நிலவறைக்கு மேலே கோட்டையின் தேவாலயம். மேலே பாடியது கீழே கேட்டிருக்கும். கீழே அழுதது மேலே கேட்காமலா இருந்திருக்கும்?

கடைசியாக, அடிமைகளைக் கப்பலுக்குக் கொண்டுபோன ‘திரும்பி வராத வாசல்’. கதவைத் திறந்தால் பளீரென்று கடல், வண்ணம் பூசிய படகுகள், வலை உலர்த்தும் ஆட்கள், பந்து உதைக்கும் பையன்கள். அவர்களுக்கு நடுவே நண்பர் ஒரு படகில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

ஜூலை 21, ஞாயிறு. அசின் மன்சோ

கேப் கோஸ்டிலிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணம். மூங்கில் காட்டுக்குள் ஒரு சின்ன ஆறு, பெயர் டொங்கோர் ன்சுவோ. அடிமை ஆறு என்று பொருள். சலாகா போன்ற வடக்குச் சந்தைகளிலிருந்து வாரக்கணக்கில் சங்கிலியோடு நடத்தி வரப்பட்டவர்களை இங்கேதான் குளிக்கவைத்தார்கள். உடம்பில் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கினால் கோட்டையில் கூடுதல் விலை. தண்ணீரில் இறங்க எனக்கு மனம் வரவில்லை.

வளாகத்தில் இரண்டு கல்லறைகள். ஜமைக்காவில் அடிமையாக இறந்த கிரிஸ்டல் என்ற பெண்ணையும், அமெரிக்காவில் இறந்த சாமுவேல் கார்சனையும் 1998-ல் கொண்டுவந்து இங்கே அடக்கம் செய்தார்கள்.

இரவு விடுதியில் ஒட்டோபா குகோவானோவைப் படித்தேன். கேப் கோஸ்டுக்குப் பக்கத்தில் அஜுமாகோவில் பிறந்தவர். 1770 வாக்கில், பதின்மூன்று வயதிருக்கும், பதினெட்டு இருபது பிள்ளைகளோடு காட்டில் பழம் பறித்துக்கொண்டும் குருவி பிடித்துக்கொண்டும் இருந்தபோது பிடித்துப்போனார்கள். பிடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. கிரெனடாத் தோட்டத்துக்கு விற்கப்பட்டு, பிறகு இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, 1787-ல் அடிமை முறையையே அடியோடு ஒழிக்கவேண்டும் என்று லண்டனில் புத்தகம் போட்டார். கோட்டையில் தன்னைக் கொடுத்தவன் பதிலுக்கு என்ன வாங்கினான் என்று தன் கண்ணால் பார்த்ததை அதில் எழுதியிருக்கிறார்: ஒரு துப்பாக்கி, ஒரு துணி, கொஞ்சம் ஈயம்.

ஜூலை 24, புதன். டெமா

மூன்று நாளாக வேலையில் மனம் ஒட்டவில்லை. என் வேலை கணக்கு பார்ப்பது, அதனால் எண்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆராய்ச்சியாளர்கள் கப்பல் ஆவணங்களை ஒவ்வொன்றாகத் திரட்டிக் கணித்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கரையில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். அக்கரையில் உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். நடுவில் காணாமல்போன 18 லட்சம் பேர் கடலில். அமெரிக்காவில் நேரடியாக இறங்கியவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு என்பது எனக்குப் புதிய செய்தி. பெரும்பங்கு போனது பிரேசிலுக்கும் கரீபியன் சர்க்கரைத் தோட்டங்களுக்கும்தான். அங்கே ஆள் சாகச் சாகப் புதிதாக வாங்கிப்போட்டார்கள்.

1781-ல் சோங் என்ற கப்பலிலிருந்து 130-க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். லண்டன் நீதிமன்றத்துக்கு வழக்கு வந்தது. கொலை வழக்கு இல்லை, காப்பீட்டு வழக்கு. கப்பல் உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுன் கேட்டார்கள். காப்பீட்டுத் தாள்களைத் தினமும் கையாள்கிறவன் நான். அந்த வரியைத் தாண்டிப் போக வெகுநேரம் ஆனது.

மதியம் சாப்பிடும்போது நண்பர் தானாகவே பேச்சை எடுத்தார். “எங்கள் ஆட்களும் விற்றார்கள். அதுதான் எனக்குக் கோட்டைக்குள் போக முடியவில்லை.” உண்மைதான். கடற்கரைக்கு வடக்கே இருந்த அசாந்தே அரசு போரில் பிடித்தவர்களை விற்றுத் துப்பாக்கி வாங்கியது. துப்பாக்கி இருந்தால் இன்னும் ஆள் பிடிக்கலாம். துப்பாக்கி இல்லாத ஊர் பிடிபடும். இந்தச் சுழலுக்குள் போனவர்கள் வெளியே வர வழியே இல்லை. கொண்டுபோனதெல்லாம் உழைக்கிற வயதுக்காரர்களை, மூன்றில் இரண்டு பங்கு ஆண்களை. வயலில் நிற்க வேண்டியவர்கள், பிள்ளை வளர்க்க வேண்டியவர்கள். நேதன் நன் என்ற பொருளாதார அறிஞர் 2008-ல் எழுதிய ஆய்வு, எந்தப் பகுதியிலிருந்து அதிகம் பேரைக் கொண்டுபோனார்களோ அந்தப் பகுதிதான் இன்றைக்கும் அதிக ஏழ்மையில் இருக்கிறது என்கிறது. அவரும் லியனார்ட் வான்செகோனும் 2011-ல் இன்னொன்றையும் காட்டினார்கள்: அதிகம் சூறையாடப்பட்ட இனங்களில் சொந்தக்காரர்கள்மேலும் அக்கம்பக்கத்தார்மேலும் நம்பிக்கை இன்னும் குறைவு. பக்கத்து ஊர்க்காரனே விற்ற காலம் அது. குகோவானோவின் கதையே அதற்குச் சாட்சி.

ஜூலை 28, ஞாயிறு

அந்தத் துணி. அது எங்கே நெய்ததென்று குகோவானோ எழுதவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இந்தக் கரைக்கு வந்த சரக்கில் துணிக்குத்தான் முதலிடம். அதில் கணிசமான பங்கு இந்தியத் துணி. நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன நீலத்துணிக்கும் கட்டம்போட்ட துணிக்கும் வியாபாரிகள் வைத்த பெயரே ‘கினித் துணி’. கினி என்றால் இந்த மேற்கு ஆப்பிரிக்கக் கரை. இங்கிலாந்தில் கம்பளி, பட்டு நெய்பவர்களைக் காப்பாற்ற 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணிகளை உடுத்தத் தடை போட்டார்கள். ஆனால் வெளிநாட்டுக்கு விற்கத் தடையில்லை. சென்னையிலிருந்து லண்டன் ஏலத்துக்கு, அங்கிருந்து லிவர்பூல் கப்பலில் ஆப்பிரிக்காவுக்கு. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நீலத்துணியைக் கொண்டுவந்தார்கள். மான்செஸ்டரில் அதைப்போலவே செய்துபார்த்தார்கள், சாயமும் நெசவும் சரியில்லை என்று இங்கே வாங்க மறுத்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். தாத்தா குழித்தறியில் நைஜீரியாவுக்கென்று கட்டம்போட்ட துணி நெய்தவர். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்போ தறியில உட்கார்ந்தவனுக்கு அது தெரிஞ்சிருக்குமாடா?” என்று கேட்டாள். தெரிந்திருக்க வழியில்லை என்றேன். முன்பணம் வாங்கிக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் கட்டுப்பட்டுக் கிடந்தவன் அந்தக் காலத்து நெசவாளி. “தெரியாட்டியும் அவன் நெய்ததுதானே” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று விடுதலை நாள். 1834-ல் இதே தேதியில்தான் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பெரும்பகுதியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் தொழில் பழகுநர் என்று பெயர்மாற்றி 1838 வரை கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். நஷ்டஈடு 2 கோடி பவுன், அரசின் ஓராண்டுச் செலவில் சுமார் 40 சதவீதம். முழுவதும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. ஜான் கிளாட்ஸ்டன் என்ற ஒருவர் மட்டும் 2,508 பேருக்காக ஒரு லட்சம் பவுனுக்கு மேல் வாங்கினார். அந்த 2,508 பேருக்கும் ஒரு காசு கிடையாது. இதற்காக அரசு வாங்கிய கடன் அடைந்து முடிந்தது 2015-ல். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

சாயங்காலம் நண்பர் என் மேசைக்கு வந்து குகோவானோவின் புத்தகத்தைக் கேட்டார். அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். நின்றபடியே படித்தார். “அஜுமாகோவா? என் அம்மா ஊரிலிருந்து பக்கம்தான். இந்த ஆளைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதே இல்லையே.” புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டார். கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தார். “ஞாயிற்றுக்கிழமை போகலாம். இந்தத் தடவை நானும் கூட வருகிறேன்.”