த்ரிக்வே பிரத்தெலி: சொன்ன சொல்லுக்காகப் பதவி விலகியவர்

நோர்வேப் பிரதமர்களைப் பற்றி இங்கே நோர்வேயிலுள்ள எங்கட தமிழ் ஆட்களோடு கதைத்தால் கெர்ஹார்ட்சன் பெயர் வரும், குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் பெயர் வரும். த்ரிக்வே பிரத்தெலியைச் சொல்பவர்கள் குறைவு. சொன்னாலும் "ஐரோப்பாவோடு சேரப் பார்த்துத் தோற்ற ஆள்தானே" என்பதோடு முடித்துவிடுவார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

1910இல் தொன்ஸ்பெர்க் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள நொத்தெறோய் தீவில், சப்பாத்துத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஏழு வருடத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எடுபிடி வேலை, திமிங்கில வேட்டை, கட்டட வேலை என்று திரிந்தார்; இடையில் வேலையில்லாத காலமும் இருந்தது. பிறகு தொழிற்கட்சியின் இளைஞர் அமைப்பு, பத்திரிகை வேலை.

1942இல், நோர்வேயை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் அவரைப் பிடித்தார்கள். ஹிட்லரின் 'இரவும் மூடுபனியும்' ஆணையின் கீழ்க் கொண்டுபோகப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அப்படிப் போனவர் உயிரோடு இருக்கிறாரா என்று வீட்டுக்குத் தெரியக்கூடாது. கடிதமும் இல்லை, பொதியும் இல்லை. அவர் இருந்த முகாம்களில் ஒன்று பிரான்சின் அல்சாஸ் பகுதி மலையிலுள்ள நாட்ஸ்வைலர். நான் அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டித் தளங்கள் அமைத்திருக்கிறார்கள். வாசல் மேலே, தகனக்கூடம் அடியில். ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்கு ஏறப் படிகள். நல்ல சாப்பாடு சாப்பிட்டு, நல்ல சப்பாத்துப் போட்டு ஏறிய எனக்கே மூச்சு வாங்கியது. கல்லுடைத்துவிட்டு வந்த பட்டினி உடம்புகள் இதில் ஏறி இறங்கியிருக்கின்றன.

கடைசியில் அவர் கிடந்தது ஷ்டுட்கார்ட்டுக்கு அருகிலுள்ள ஃபைஹிங்கன் முகாம். நோயாளிகளைச் சாக விட்டுவைத்த இடம், தைபஸ் காய்ச்சல் பரவிக்கிடந்தது. 1945 ஏப்ரல் 5ஆம் திகதி சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் வெள்ளைப் பேருந்துகள் வந்து, உயிரோடு எஞ்சியிருந்த 16 நோர்வேஜியர்களை ஏற்றிச் சென்றன. அவர்களில் இவர் ஒருவர். அதே வருடம் கட்சியின் துணைத் தலைவரானார்!

பிறகு நிதி அமைச்சர், போக்குவரத்து அமைச்சர், 1971இல் பிரதமர். இன்று நாங்கள் அனுபவிக்கும் எண்ணெய்ச் செல்வத்துக்குப் பெரிய தூணான அரசு எண்ணெய் நிறுவனம் ஸ்டாடொயில் (2018 முதல் பெயர் எக்வினோர்), 1972 ஜூனில் இவருடைய ஆட்சியில்தான் நாடாளுமன்றத்தில் உருவானது. இதையாவது எங்கட ஆட்கள் நினைக்கவேண்டும்.

அதே வருடம் செப்டம்பரில் இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்வது பற்றி மக்கள் வாக்கெடுப்பு. வேண்டாமென்று முடிவு வந்தால் அரசு விலகும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார். 53.5 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். சட்டப்படி அது வெறும் ஆலோசனை வாக்கெடுப்பு. ஏதாவது சாக்குச் சொல்லி இருந்திருக்கலாம். இருக்கவில்லை, அக்டோபரில் விலகினார். மக்களை மிரட்டுகிறார் என்று அந்த அறிவிப்பைக் குறை சொன்னவர்களும் உண்டு. இருக்கட்டும். கதிரையைப் பணயம் வைத்தவர், தோற்றதும் அதை விட்டெழும்பினார். அடுத்த வருடமே திரும்பவும் பிரதமரானார், 1976 வரை இருந்தார்.

முகாம் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியது 1980இல், எழுபதாவது வயதில்: 'ஃபாங்கெ இ நட் ஒக் தோகெ' (இரவிலும் மூடுபனியிலும் ஒரு கைதி). பிரதமராக வாக்குக் கேட்ட காலத்தில் அந்தக் கதையை அவர் புத்தகமாக்கி முன்னால் வைக்கவில்லை. எனக்கு அவர்மேல் உள்ள மரியாதையில் பாதி அதற்காகத்தான். 1984இல் காலமானார்.

வீட்டில் நோர்வேஜிய மொழி வாசிக்கிற பிள்ளைகள் இருந்தால், நூலகத்தில் கேட்டு எடுத்துக் கொடுங்கள். அவர்கள் வாசித்து முடித்ததும் உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.