சுபாங்கில் ஒரு மாலை

கோலாலம்பூர் போனவன் பத்துமலைக்குப் போகாமல் வர முடியுமா? 272 படியும் ஏறி முருகனைப் பார்த்தேன். ஆனால் இந்தப் பயணத்தில் நான் மனசுக்குள் குறித்து வைத்திருந்த இடம் வேறு, சுபாங் பழைய விமான நிலையம்.

"அங்க என்னப்பா இருக்கு?" என்றார் சித்தி. 1998இல் கேஎல்ஐஏ என்ற புதிய விமான நிலையம் திறக்கும்வரை சென்னை விமானமெல்லாம் அங்கேதான் இறங்கும். கல்யாணமாகி வந்த சித்தியும் அங்கேதான் இறங்கினார்.

நான் அரக்கோணத்துக்காரன். எங்கள் ஊர் ராஜாளி கடற்படைத் தளம் 1992 மார்ச்சில் திறந்தது. அதோடு வந்தது கடற்படையின் 312ஆம் விமானப் பிரிவு. அதன் கடல் கண்காணிப்பு விமானமான டியூ-142 கிளம்பினால் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுக்கும். நான்கு எஞ்சின். ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள். மொத்தம் 32 அலகுகள் காற்றை வெட்டும் சத்தத்தில் கணக்கு வாத்தியார் பாடத்தையே நிறுத்திவிடுவார். அது ஊர் எல்லை தாண்டியபிறகுதான் சாக்பீஸ் மறுபடி பலகையைத் தொடும்.

அந்தப் பிரிவின் கதை எங்கள் ஊருக்கு முன்பே கோவாவில் தொடங்கியது. ஏர் இந்தியாவில் பயணிகளைச் சுமந்து, பிறகு விமானப்படையில் உழைத்த சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்கள் 1976இல் கடற்படைக்கு வந்தன. பழைய விமானங்கள்தான், ஆனாலும் நடுக்கடல்வரை போய்க் கண்காணிக்க நம்மிடம் அப்போது வேறென்ன இருந்தது! 1988இல் சோவியத் நாட்டிலிருந்து எட்டு டியூ-142 வந்தன. அந்த வருடமே மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது கடலுக்கு மேலே கண்காணிக்கப் பறந்தன. 2017 மார்ச் 29 அன்று எங்கள் ஊரில் அவற்றுக்கு விடை கொடுத்தார்கள். ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஏறிப் பார்த்திருக்கிறேன். உள்ளே அவ்வளவு நெருக்கடி. பத்து மணி நேரத்துக்கு மேல் அதற்குள் உட்கார்ந்து கடலையே பார்த்தவர்களை நினைத்தால் இப்போதும் கைகூப்பத் தோன்றுகிறது.

அடுத்து வந்தது பி-8ஐ. போயிங் 737 உடம்புதான். நீருக்கடியில் ஒலி கேட்கும் மிதவைகளைக் கடலில் போடும். வாலில் நீர்மூழ்கியின் காந்தத் தடத்தை உணரும் கருவி இருக்கும். முதல் விமானம் 2013 மே மாதம் அரக்கோணத்தில் இறங்கியது. பத்தே மாதத்தில், 2014 மார்ச் 8 அதிகாலை, 239 பேருடன் மலேசியப் பயணிகள் விமானம் எம்எச்370 காணாமல் போனது. முதலில் அந்தமான் கடலில் தேடிய பி-8ஐ, மாத மூன்றாம் வாரத்தில் இதே சுபாங்குக்கு வந்தது, தெற்கு இந்தியப் பெருங்கடல் தேடலில் சேர.

எங்கள் ஊர் விமானம் வந்திறங்கிய மண்ணை நானும் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

கிராப் வாடகை வண்டி ஓட்டிவந்த அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வழி நெடுக நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வந்தவர், என்னை இறக்கிவிட்டுப் போய்விடவில்லை. பக்கத்தில் 'மாமாக்' எனும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் இரண்டு தே தாரிக் டீ சொன்னார். வேலிக்கு அப்பால் ஓடுபாதை தெரிந்தது. சிறிய ஏடிஆர் ஒன்று ஏறிப் போனது.

"அந்த மாசம் முழுக்க நான் டாக்ஸியில ரிப்போர்ட்டருங்களத்தான் ஏத்துனேன், தம்பி," என்றார். "குடும்பத்து ஆளுங்களையும் ஏத்தியிருக்கேன். ஓட்டல் வாசல்ல இறங்குறப்ப காசு கொடுக்கவே மறந்துடுவாங்க. நானும் கேக்கல. பின்ன எப்படி லா கேக்குறது?"

நான் போனில் பி-8ஐ படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவர் தாத்தா வந்தவாசிப் பக்கமிருந்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தவராம்.

"அரக்கோணம் வந்தவாசிக்குக் கிட்டத்தானே?"

"ரொம்ப தூரமில்ல அண்ணே."

"அப்ப நம்ம பக்கத்து ஆளுங்களும் தேடியிருக்காங்க," என்றார் மெதுவாக. படத்தைத் தனக்கும் அனுப்பச் சொன்னார். வீட்டில் அம்மாவிடம் காட்ட வேண்டுமாம்.