கிணற்று நீச்சலும் ஆற்றுப் படகும்

ஆகஸ்ட் 9

இங்கே தென்னாப்பிரிக்காவில் இன்று பெண்கள் தினம். 1956-ல் இதே தேதியில் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகம் வரை ஊர்வலம் போனார்கள். அந்த நினைவுக்கு அரசு விடுமுறை, எங்கள் தோல் ஃபேக்டரிக்கும் லீவு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் வந்து நாலு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு தடவைகூடத் தண்ணீரில் இறங்கவில்லை.

யாரைக் கேட்டாலும் டர்பன் பீச்சுக்குப் போ என்கிறார்கள். எண்பது கிலோமீட்டர்தான், ஆனால் எனக்குக் கடல் ஒத்துவராது. நான் ஆம்பூர்க்காரன். பெரியப்பா நிலத்துக் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவன். பாலாறு பக்கத்திலேயே இருந்தது, அதில் மணல் லாரிதான் ஓடியது. 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது, ஆற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பிப் போனோம், திருவிழாவுக்குப் போவது போல.

வீட்டுக்கார ஆன்ட்டி மட்டும் மிட்மார் அணைக்குப் போ என்றார். ரொட்டியும் மட்டன் குழம்பும் கட்டிக் கொடுத்தார். அரை மணி நேரப் பயணம், ஹோவிக் பக்கம். குளிர்காலம், புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாக இருந்தது. தண்ணீரில் பாய்மரங்கள். எல்லாரும் காருக்குப் பின்னால் ட்ரெய்லரில் சொந்தப் படகு இழுத்து வந்தவர்கள். நான் போன கரையில் வாடகைப் படகு எதுவும் இல்லை. பிப்ரவரியில் இங்கே ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு மைல் நீந்துவார்களாம், 'மிட்மார் மைல்' என்று பெயர். எங்கள் கிணற்றின் குறுக்களவு முப்பது அடி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நூற்றெழுபது தடவைக்கு மேல் குறுக்கே நீந்த வேண்டும். காலை நனைத்துவிட்டு, ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 16

இனாண்டா அணையில் படகு விடலாம் என்று ஒரு கம்பெனிக்கு முன்பணம் கட்டியிருந்தேன். போய்ப் பார்த்தால் படகு இறக்கும் இடம் முழுக்க ஆகாயத்தாமரை, மேல நடந்து போய்விடலாம் போல அவ்வளவு அடர்த்தி. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி, எங்கள் ஊர் ஏரிகளையும் விட்டுவைக்கவில்லை. சாக்கடை கலந்த தண்ணீரில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அதற்குத் தீனி. இதைத் தின்பதற்கென்றே ஒருவகை வண்டைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். வண்டு மெதுவாகத் தின்கிறது, செடி வேகமாக வளர்கிறது. முன்பணம் திரும்பி வரவில்லை.

ஆகஸ்ட் 23

தேடியது தினமும் வேலைக்குப் போகும் வழியிலேயே இருந்திருக்கிறது!

கேம்ப்ஸ் டிரிஃப்ட் என்ற இடம். ஊருக்குள் ஓடும் ம்சுண்டுசி ஆறு அங்கே வாய்க்கால் போல நேராக, அசையாமல் கிடக்கும். இன்று சிக்னலில் நிற்கும்போது ஒரு ஆள் தோளில் நீளமான படகைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் ஓடினான். திருடிக்கொண்டு ஓடுகிறானோ என்றுதான் முதலில் தோன்றியது. பின்னாலேயே இன்னும் இரண்டு பேர், அவர்கள் தோளிலும் படகு. வண்டியை ஓரம் கட்டிவிட்டு விசாரித்தேன்.

டூசி பந்தயத்துக்குப் பயிற்சியாம். இங்கிருந்து டர்பன் கடல் முகத்துவாரம் வரை மூன்று நாள், சுமார் 120 கிலோமீட்டர். முதல் நாள் இந்த ஆறு, இரண்டாம் நாள் இது உம்ங்கேனியில் கலந்து இனாண்டா அணைக்குப் போகும், மூன்றாம் நாள் அணைக்குக் கீழே. ஆறு வளைந்து சுற்றும் இடங்களில், பாறை அதிகமான இடங்களில், படகைத் தோளில் வைத்துக்கொண்டு மலையேறி ஓடி, மறுபக்கம் ஆற்றில் இறங்குவார்கள். அதற்கு 'போர்ட்டேஜ்' என்று பேர். ஓட்டக்காரன்தான் இந்தப் பந்தயத்தில் ஜெயிப்பான் என்றார் ஒருவர்.

இதைத் தொடங்கியவர் இயன் பிளேயர். பின்னாளில் வெள்ளைக் காண்டாமிருகங்களைக் காப்பாற்றிப் பேர் வாங்கியவர். 1951 டிசம்பரில் எட்டுப் பேர் கிளம்பியதில் அவர் ஒருவர்தான் போய்ச் சேர்ந்தார், ஆறு நாளுக்கு மேல் ஆனது, நடுவில் பாம்புக்கடி வேறு. இப்போது ஜெயிக்கிறவர்கள் மூன்று நாளையும் கூட்டினால் எட்டு மணி நேரத்தை ஒட்டி முடிக்கிறார்கள்.

கிளப்பில் பேர் எழுதிவிட்டேன். நீந்தத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். எங்கே பழகினாய்? கிணற்றில். அந்த இளைஞனுக்குக் கிணறு என்றால் வாளி விட்டு இறைக்கும் குழிதான் தெரியும் போல, ரொம்ப நேரம் என்னையே பார்த்தான்.

செப்டம்பர் 6

முதல் பாடம். முதலில் அகலமான பிளாஸ்டிக் படகு கொடுத்தார்கள், அதில் ராஜா மாதிரி போனேன். திமிர் ஏறி, பந்தயப் படகில் உட்காரட்டுமா என்று கேட்டுவிட்டேன். ஒற்றையாள் படகு, 'கே-1'. 5.2 மீட்டர் நீளம், அகலமோ என் இடுப்புக்கு இரண்டு விரல் கூட. உட்கார்ந்தேன், மூச்சு விட்டேன், கவிழ்ந்தேன். பதினோரு தடவை.

இங்கே கவிழ்ந்தான் என்று சொல்ல மாட்டார்கள், 'நீந்தினான்' என்பார்கள். இன்று நீ நன்றாக நீந்தினாய் என்று ஒரு பெண் சொன்னபோது பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டேன்.

துடுப்பு கைவேலை இல்லை, முதுகை முறுக்கிப் போட வேண்டும். ஆடும்போது துடுப்பின் தட்டையால் தண்ணீரை ஒரு அறை அறைந்தால் படகு நிமிரும். சைக்கிள் மாதிரிதான், நின்றால் விழும், போய்க்கொண்டே இருந்தால் நிற்கும். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 7

அம்மா போனில். "முதல கீதாடா அதுல?" இல்லை, முதலையும் நீர்யானையும் வடக்கே செயிண்ட் லூசியா பக்கம் என்றேன். "அப்ப இன்னா கீது?" என்றார். ஆற்றுத் தண்ணீரில் நத்தை வழியாக வரும் பில்ஹார்சியா என்ற புழு நோயைப் பற்றிச் சொல்லவில்லை.

செப்டம்பர் 24

பாரம்பரிய தினம், நாடே பிராய் போடுகிறது, அதாவது கரியில் இறைச்சி சுடுகிறது. ஆன்ட்டி வீட்டுக் கொல்லையிலும் கரி மூட்டினார்கள். ஆன்ட்டியின் மாமனாருக்கு எண்பத்திரண்டு வயது. அவருக்குத் தமிழ் நன்றாக வரும், பேரப்பிள்ளைகளுக்குத் தேவாரமும் 'தண்ணி, சோறு'ம்தான். நான் படகு பழகுவதைக் கேட்டுத் தாத்தா சிரிக்கவில்லை.

"டேம், படகு எல்லாம் எங்களுக்கு ஏது? போர்டு வச்சிருப்பான், வெள்ளக்காரனுக்கு மட்டும்னு. நாங்க வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு வருவோம்." பொது இடங்களை நிறவாரியாகப் பிரித்து 1953-ல் வந்த அந்தச் சட்டம் 1990 வரை இருந்தது. அதாவது தாத்தாவின் பத்து வயதிலிருந்து நாற்பத்தேழு வரை. இந்த ஊரில் தமிழர்கள் ஏன் எல்லாரும் என்னை பீச்சுக்கு அனுப்புகிறார்கள், ஏன் ஒருவரும் ஆற்றைச் சொல்லவில்லை என்று ஆகஸ்டில் எரிச்சல்பட்டது நினைவுக்கு வந்து கூசியது.

அப்புறம் தாத்தா 1917 வெள்ளத்துக்குப் போனார். அக்டோபர் கடைசி. உம்ங்கேனிக் கரையில் ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்வில், கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடித்த நம்மவர்கள் தகரக் கொட்டகை போட்டுக் காய்கறி பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். இரவில் ஆறு ஏறிவிட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் போய்விட்டார்கள். படவட்டான் குடும்பத்தைச் சேர்ந்தவர்களும் கூட்டாளிகளுமாக ஆறு மீனவர்கள், மரப்படகை வெள்ளத்துக்குள் ஓட்டிப் போய், கூரையிலும் மரத்திலும் தொற்றிக்கொண்டிருந்தவர்களை ஏற்றி ஏற்றிக் கரை சேர்த்தார்கள், 170 பேருக்கு மேல். பெயரைக் கேட்டதும் எனக்குப் 'படவு'தான் காதில் விழுந்தது.

"எங்கப்பாவுக்குப் பன்னெண்டு வயசு. எங்க ஆயா கோழிக்கூட்ட விடமாட்டேன்னு கட்டிப் புடிச்சுக்கிட்டா. அதையும் சேத்துத்தான் ஏத்துனாங்க." கரி அணையும் வரை இதையே இரண்டு தடவை சொன்னார்.

அக்டோபர் 5

கிளப்பில் பாதிப் பேர் இல்லை. க்ரடோக்கில் ஃபிஷ் ஆற்றுப் பந்தயத்துக்குப் போயிருக்கிறார்கள். இந்த வறண்ட சீசனில் அங்கே மட்டும் எப்படித் தண்ணீர் என்று கேட்டேன். ஆரஞ்சு ஆற்றின் காரீப் அணையிலிருந்து, மலையைக் குடைந்து கிட்டத்தட்ட 83 கிலோமீட்டர் சுரங்கம். 1975-லிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் தள்ளுகிறார்கள், பந்தயம் அதன் மேல் ஓடுகிறது. எங்கள் ஊருக்கே காவிரி குழாயில்தான் வருகிறது, எனக்கு ஆச்சரியமில்லை.

நான் இன்று கே-1-ல் ஒரு நடை போய் வந்தேன். நீந்தாமல்.

நவம்பர் 15

மழை பிடித்துவிட்டது, ஆறு செம்மண் நிறத்தில் வேகமாக ஓடுகிறது. எர்னி பியர்ஸ் அணைக்கட்டைத் தாண்டி முதல் தடவை கீழே போனேன். அணைக்கட்டுக்கு அடியில் தண்ணீர் விழுந்து, மேல்பரப்பில் திரும்பி அணைக்கட்டை நோக்கியே சுழலும், உள்ளே மாட்டினால் துணி அலசுவது மாதிரி அலசும். எங்கே இறங்கலாம், எங்கே கரையேறித் தூக்கிப் போக வேண்டும் என்பதைக் கூட வருகிறவர்கள் சொல்லித்தான் தெரியும். விழுந்தால் காலைக் கீழே ஊன்றாதே, பாறை இடுக்கில் மாட்டும், மல்லாந்து காலை முன்னால் நீட்டிப் போ. படகுக்கு முன்னால் போய்விடாதே, தண்ணீர் நிறைந்த படகு பாறையோடு வைத்து நசுக்கிவிடும். கிணற்றில் இதெல்லாம் கிடையாது. குதித்த இடத்திலேயே எழுவோம்.

இரண்டு தடவை நீந்தினேன். இரண்டாவது தடவை நாலு வாய் குடித்துவிட்டேன்.

நவம்பர் 17

வயிறு. இதற்கு 'டூசி கட்ஸ்' என்று ஊரறிந்த பெயர் இருக்கிறது. மழை பெய்தால் சாக்கடைக் குழாய்கள் வழிந்து ஆற்றில் சேரும், ஈ.கோலை ஏறும். ஓ.ஆர்.எஸ். குடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். ஆன்ட்டி ரசச்சோறு வைத்துவிட்டு, "இன்னும் போவியா?" என்றார்.

காலையில் நகராட்சியைத் திட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் திட்ட வாய் வரவில்லை. 2019 ஆகஸ்டில் ஒரு ஆலையிலிருந்து தாவர எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் ஓடையில் கொட்டி, இந்த ஆற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. கிளப்பில் இப்போதும் அதைப் பேசுவார்கள். நான் தோல்காரன். பாலாற்றுத் தோல் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு எழுதியபோது எங்கள் அப்பா டேனரியில் சூப்பர்வைசர். அந்தச் சம்பளத்தில் படித்துத்தான் இங்கே வந்து, ஆறு அழுக்கு என்று படுத்திருக்கிறேன்.

டிசம்பர் 6

இரட்டையாள் படகுக்குத் துணை கிடைத்துவிட்டார். ஜூலு, மினிபஸ் டாக்சி ஓட்டுகிறார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இனாண்டா பள்ளத்தாக்கில் பிறந்தவர். சின்ன வயதில் பந்தயப் படகுகள் போவதைக் கரையிலிருந்து பார்த்தே ஆற்றைப் படித்தாராம். முன்னால் அவர், வழி பார்த்துத் திருப்புவார். பின்னால் நான், அவர் துடுப்பைப் பார்த்து அதே நேரத்தில் போட வேண்டும், பேசக் கூடாது. நாலு மாதமாக நான் தேடியது தண்ணீர் என்று நினைத்திருந்தேன், முன் சீட்டில் ஒரு ஆளைத்தான் தேடியிருக்கிறேன் போல.

இந்த வருஷம் டூசி எனக்கு இல்லை. அதற்கு முன் சின்னப் பந்தயங்களை முடித்துக் காட்ட வேண்டும். ஒரு வருஷம் ஒற்றையாள் படகு, அடுத்த வருஷம் இரட்டையாள் படகு என்று மாறி மாறி வரும். எங்கள் முறை வரும்போது பார்க்கலாம்.

ஜனவரி 11

பில்ஹார்சியா டெஸ்ட்டுக்கு அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறேன். உடனே பார்த்தால் தெரியாது, தண்ணீரில் இறங்கிச் சில வாரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

தாத்தா இன்று கேம்ப்ஸ் டிரிஃப்ட் வந்தார், ஆன்ட்டி காரில் கூட்டிவந்தார். மடக்கு நாற்காலியில் தொப்பி போட்டு உட்கார்ந்தார். நாங்கள் கே-2-வைத் தோளில் வைத்து நடைமேடைக்குக் கொண்டுவந்து, அவர் பார்க்கட்டும் என்று முன்னால் வைத்தோம். ஆறரை மீட்டர், பளபளவென்று. தாத்தா எழுந்து வந்து, கைத்தடியால் மெதுவாகத் தட்டினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"எத்தன பேரு?"

"ரெண்டு பேர், தாத்தா."

நிமிர்ந்து என் துணைவரை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தார்.

"இதுல ஒரு கோழிக்கூடுகூட வைக்க முடியாதே" என்றார்.