பாய்லர் எதில் ஓடும்?

"லிக்னினை நீங்க எடுத்துக்கிட்டா என் ரிகவரி பாய்லர் எதுல ஓடும்?" காகிதக்கூழ் ஆலையின் பொறியாளர் கேட்டது இவ்வளவுதான். மரத்தின் இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பொருள்தான் லிக்னின். கூழ் எடுத்தபின் எஞ்சும் கறுப்புத் திரவத்தில் அது கரைந்திருக்கும். அந்தத் திரவத்தை எரித்து ஆலைக்கு வெப்பம் தருவதுதான் ரிகவரி பாய்லர். நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

"முழுசா எடுக்க வேண்டாம் சார். எடுத்தாலும் இதிலிருந்து தனித்தனி பீனால்கள் அதிகம் வராது. பிசினுக்கு வேணும்னா ஆகும்."

பக்கத்தில் என் இளைய சக ஆய்வாளர். கிராஃப்ட் லிக்னினை, அதாவது மரத்தைக் காரக் கரைசலில் வேகவைத்துக் கூழெடுக்கும்போது பிரியும் லிக்னினை, உடைக்கும் வினையூக்கிதான் அவருடைய ஆராய்ச்சியே.

வேதியியல்படி நான் சொன்னது சரி. மரத்துக்குள் லிக்னினின் இணைப்புகளில் பாதியோ அதற்கு மேலோ பீட்டா-ஓ-4 ஈதர் பிணைப்புகள். சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சல்ஃபைடு கரைசலில் 170 டிகிரி செல்சியஸ் வாக்கில் மரச்சில்லை வேகவைத்தால் முதலில் அறுபடுவது அவைதான். அறுந்த துண்டுகள் சும்மா இருப்பதில்லை, கார்பன்-கார்பன் பிணைப்புகளாக மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. அதன்பிறகு அவற்றைப் பிரிப்பது பெரும்பாடு. பிர்ச் மரத்தூளையே மெத்தனாலில், ருத்தேனியம் அல்லது நிக்கல் வினையூக்கியோடு ஹைட்ரஜன் அழுத்தத்தில் சூடாக்கினால் கதை வேறு. துண்டுகள் ஒட்டும் முன்பே ஹைட்ரஜன் அவற்றை நிலைப்படுத்திவிடும். லிக்னினில் ஏறக்குறைய பாதி மோனோமராகவே, அதாவது தனித்தனி பீனால் மூலக்கூறுகளாகவே கிடைக்கும். அந்த எண்ணை கறுப்புத் திரவம் வைத்திருப்பவரிடம் காட்டி ஆசை காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் பொறியாளர் விளைச்சலைக் கேட்கவே இல்லையே? கேட்டது வெப்பத்தைப் பற்றி. இதை அப்புறம் சொன்னவர் அந்த இளையவர்தான். "சார், சில ஆலைகள்ல பாய்லர்தான் முட்டுக்கட்டை. கார்பன் டை ஆக்சைடு செலுத்தி கொஞ்சம் லிக்னினை வீழ்படிவாக்கி எடுத்தா, சுமை குறையும், கூழ் உற்பத்தியைக் கூட்டலாம். இதைச் சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம். அந்த ஆலையின் முட்டுக்கட்டை பாய்லர்தானா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்றும் தோன்றுகிறது. கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாமே என்றும் தோன்றுகிறது.

திட்டம் பிசின் பக்கம் திரும்பியது. பீனால்-ஃபார்மால்டிஹைடு பிசினில் பீனாலின் ஒரு பகுதிக்குப் பதிலாக லிக்னின். இளையவர் மட்டும் வினையூக்கியை விடவில்லை. சிறு மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டும் அவருடைய ஜிசி (வாயு நிறப்பகுப்பு) வரைபடத்தில் மோனோமர் உச்சிகள் இன்னும் சிறியவைதான், நான் சொன்னபடியே. மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜிபிசி சோதனையிலோ மூலக்கூறு எடை தெளிவாக இறங்கியிருக்கிறது. பிசின் செய்பவர்களுக்கு மோனோமர் தேவையில்லை. நன்றாகக் கரைந்து வேகமாக வினைபுரியும் சிறிய துண்டுகளே போதும்.